பெரிய கிடாருக்கு ஒரு ஓட்டு

போன சனிக்கிழமை சாயங்காலம் என் கையில் ஒரு துண்டுச் சீட்டு. எதிரே ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் கிடார் வாசிக்கிறார்கள். ‘ஒன்று’ நன்றாக இருக்கிறதா, ‘இரண்டு’ நன்றாக இருக்கிறதா என்று எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சட்டமன்றத் தேர்தலில்கூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

எப்படிப் போய் மாட்டினேன் என்று சொல்கிறேன். வியாழக்கிழமை காலை, நான் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தபோது சாமுவேல் சாரிடமிருந்து போன். பழைய ஆபீஸ் சகா. ரிட்டயர் ஆனபின் பொழிச்சலூரில் ஒரு சின்ன சர்ச்சுக்குச் செயலாளர். ஆபீஸில் பேப்பர் கிளிப்பைக்கூட டெண்டர் விட்டு வாங்கிய மனிதர்.

“சார், எங்க சர்ச் கொயருக்கு ட்வெல்வ் ஸ்ட்ரிங் கிடார் வாங்கறோம். கடையிலேர்ந்து ரெண்டு அனுப்பியிருக்காங்க, ட்ரையலுக்கு. திங்கட்கிழமை ஒண்ணைத் திருப்பித் தரணும். கமிட்டில நாலு பேரு. ரெண்டுக்கு ரெண்டு நிக்குது. நீங்க வந்து அஞ்சாவது ஓட்டு போடணும்.”

“நான் எதுக்கு சார்?”

“நீங்கதான் நியூட்ரல். அதோட கிடார் வாசிச்சவர். பத்திரிகைல உங்க பக்கத்துல எழுதறீங்களே.”

எழுதுகிறேன்தான். காலேஜ் முடித்த கையோடு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்த கதையை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை அலட்டியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். புகழ்ச்சி காதில் விழுந்ததும் சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி வசந்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நம்ம வீட்டு கிடார்ல தூசி தட்ட ஆளில்ல. ஊரான் கிடாருக்கு ஜட்ஜா?”

பன்னிரண்டு கம்பி கிடாரைப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரண கிடாரில் ஆறு கம்பி. இதில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு ஜோடிக் கம்பி. ஒரு தட்டு தட்டினால் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல நிறைந்து கேட்கும். கேட்பவருக்கு சொர்க்கம். வாசிப்பவருக்கு...? ஒவ்வொரு விரலும் ஒன்றுக்கு இரண்டு கம்பியை அழுத்தியாக வேண்டும். இரண்டில் ஒன்று சரியாக அழுந்தாவிட்டாலும் தகர டப்பா சத்தம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே போய்விட்டேன். பொழிச்சலூர் தெரிந்தவர்களுக்கு அந்த ஊரின் பேச்சுமுறையும் தெரிந்திருக்கும். ஏர்போர்ட் சுவருக்குப் பக்கத்து ஊர். பேசிக்கொண்டே இருப்பார்கள் — தலைக்கு மேல் விமானம் வரும் — பாதி வார்த்தையில் நிறுத்துவார்கள் — அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். யாரும் “என்ன சொன்னேன்?” என்று கேட்பதில்லை. பிரசங்கத்துக்கும் அதே விதிதான் என்றார் சாமுவேல் சார்.

கிடார் இரண்டையும் முதலில் நான் சோதிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒன்று சின்ன உடம்பு. இன்னொன்று பெரிய உடம்பு, கட்டிப்பிடித்தால் வலது கை முழுசாகச் சுற்றி வராது.

எங்கள் மெல்லிசைக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. கழுத்தின் நடுவில், பன்னிரண்டாவது ஃப்ரெட் பட்டையில், கம்பிக்கும் மரத்துக்கும் இடையே ஒரு ரூபாய்க் காசை நுழைத்துப் பார்ப்போம். சின்ன கிடாரில் ஒரு காசு போனது. இரண்டாவது போகவில்லை. பெரிய கிடாரில் இரண்டு காசும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாராளமாகப் போயின. ஒரு காசு உயரம்தானே என்கிறீர்களா? ஒரு பாட்டுக்கு நூறு தடவையாவது அழுத்த வேண்டும். அதுவும் ஜோடி ஜோடியாக. நான் பெரியதில் நாலு கார்டு, அதாவது ஸ்வரக்கூட்டு, பிடித்தேன். விரல் நுனியில் பள்ளம் விழுந்தது. கம்பி தாங்கும் கட்டையைக் கொஞ்சம் இழைத்தால் உயரத்தைக் குறைக்கலாம், ஆனால் இறுக்கம் குறையாது. வாங்காத கிடாரில் அரம் வைக்க எந்தக் கடைக்காரர் விடுவார்?

ஆனால் சத்தம்... அதை என்னவென்று சொல்ல? சின்னது பளபளவென்று இருந்தது. மேல் கம்பிகள் மட்டும் கேட்டன. பாட்டு நடுவில் தாளம்தான் மிஞ்சும், ஸ்வரம் காணாமல் போய்விடும். பெரியதில் அடிக்கம்பியும் அதன் ஜோடியான குட்டிக் கம்பியும் தனித்தனியாகவும் கேட்டன, சேர்ந்தும் கேட்டன. கையை எடுத்தபிறகும் ஹாலில் நின்றது.

இந்த சர்ச்சில் ஒரு வழக்கம். ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டுக்கு மைக் கிடையாது. வெறும் குரல், வெறும் கிடார். ஆரம்ப காலத்தில் கரண்ட் இல்லாமல் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. ஆக, ஹாலின் கடைசி பெஞ்சு வரை கிடார் தன் பலத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பெரியதுதான் சரி. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இதில் தகராறு எங்கே வந்தது என்றால், வாசிக்கிறவரிடம்.

ரோஸ்லின் டீச்சர். பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்தாறு. இருபத்தேழு வருஷமாக அந்த முதல் பாட்டுக்கு அவர்தான் கிடார். பழைய கிடார் போன கோடை வெயிலில் கம்பி இழுத்து, அடிக்கட்டை பெயர்ந்து வந்துவிட்டது. அதனால்தான் புதுசு.

சாமுவேல் சார் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். “டீச்சர் இப்பல்லாம் கொஞ்சம் தடுமாறறாங்க சார். புதுக் கிடார் வர்ற நேரத்துல டேவிட் தம்பிக்கு மாத்திடலாம்னு ஒரு எண்ணம். ஐ.டி.ல இருக்கான், நல்ல கை. பெரிய கிடார் வந்துட்டா டீச்சரே முடியலன்னு சொல்லிடுவாங்க. நாம சொல்ல வேண்டாம் பாருங்க. மரியாதையா ரெஸ்ட் குடுத்த மாதிரி இருக்கும்.”

கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே மரியாதை என்றுதான் நினைக்கிறார். ஒரு கிடாரைப் பற்றி ஓட்டுப் போட வந்தேன், ஒரு மனுஷியின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் போடச் சொல்கிறார்கள்.

திரை கட்டினார்கள். ஆள் முகம், கிடார் முகம் பார்த்து யாரும் ஓட்டுப் போடக் கூடாது என்பது சாமுவேல் சாரின் ஐடியா. சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஃபேனையும் நிறுத்தினார்கள். முன்னால் நாங்கள் ஐந்து பேர், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள. திரைக்குப் பின்னால் டீச்சரே இரண்டையும் வாசிக்க வேண்டும். ஒரே பாட்டு, நான்கு சரணம்.

‘ஒன்று’ தொடங்கியது. சின்ன கிடார். எனக்குத் திரை இருந்தும் இல்லாத மாதிரிதான், முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. நடுவில் ஒரு விமானம். வாசிப்பு நின்றது. போனதும் தொடர்ந்தது. சுத்தமாக வாசித்து முடித்தார்.

‘இரண்டு’. பெரியது. முதல் சரணத்தில் பக்கத்திலிருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது சரணத்தில் ஒரு கார்டு கரகரத்தது. வாசிப்பு நின்றது.

“பிளேன் போகட்டும்” என்றது திரைக்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல்.

விமானம் வந்தது, போனது. தொடர்ந்தார். மூன்றாவது சரணம் நடுவில் மறுபடி நின்றது.

“பிளேன் போகட்டும்.”

காத்திருந்தோம். நால்வரும் பழக்கதோஷத்தில் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஓடு, மின்விசிறி, ஒரு பல்லி. விமானம் வரவில்லை. சத்தமே இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு விமானம் என்றால் நிறுத்துவது அவ்வளவு பழகிப்போய்விட்டது — விமானமே இல்லாவிட்டாலும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரன் நான் ஒருத்தன்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

எழுந்து திரைக்குப் பின்னால் போனேன்.

டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கிடாரோடு. இடது கை மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. அதை வலது கையால் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். ‘டக்’கென்று நிமிர்ந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எத்தனை நாளா டீச்சர்?” மெதுவாகத்தான் கேட்டேன்.

“பொங்கலுக்கு முன்னாடியிருந்து. டாக்டர் பார்த்தாச்சு. ஊசி போடலாம், ஆனா அழுத்தி வேலை செய்யாதீங்கன்னாங்க.” திரையை ஒரு பார்வை பார்த்தார். “சாமுவேல் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. ‘பாவம் டீச்சர்’னுவாங்க. அந்தப் ‘பாவம்’ வந்துடுச்சுன்னா அப்புறம் கிடார் என் கைக்கு வராது சார்.”

“நான் சின்னதுக்குப் போட்டுடறேன். மூணுக்கு ரெண்டு. முடிஞ்சுது.”

“வேணாம்.” கணக்கு டீச்சர் குரல் வந்துவிட்டது. “சின்னது ஹாலுக்குப் பத்தாது. எனக்கே கேக்குதே. நல்லதுக்குப் போடுங்க. எனக்காகப் போடாதீங்க.”

“அப்ப நீங்க?”

டீச்சர் மடியிலிருந்த பெரிய கிடாரைத் தடவிக்கொடுத்தார். அந்த நிமிஷம்தான் எனக்குத் தோன்றியது, இரண்டு நிமிஷத்தில் தீர்கிற பிரச்சினைக்கு ஏன் இப்படித் தவிக்கிறோம் என்று.

“டீச்சர், எல்லாக் கம்பியையும் ஒரு கட்டை இறக்கிட்டு, ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டா? இறுக்கம் விட்டுடும். உயரமும் தணியும். சுருதி அதேதான். பாதி பலம் போதும்.”

கேப்போ என்பது ஒரு கிளிப். கிடார் கழுத்தில் மாட்டினால் ஒரு விரல் நிரந்தரமாக அழுத்திப் பிடித்த மாதிரி.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது... கைப்பையைத் திறந்தார். திருத்தாத பரீட்சைப் பேப்பர்களுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்தார். கேப்போ. கடையில் ஒட்டிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.

“வாங்கி ஆறு மாசம் ஆச்சு.”

“அப்புறம் ஏன் போடல?”

“நீங்கதானே சார் எழுதினீங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஒப்பிக்க ஆரம்பித்தார். “‘கேப்போ என்பது விரலில் வலு இல்லாதவர்கள் கிடாருக்கு மாட்டுகிற ஊன்றுகோல். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர் மேடைக்கு ஏன் வர வேண்டும்?’ சாமுவேல் அண்ணன் அதை வெட்டி, கொயர் பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்காங்க. புதுசா யாரு கத்துக்க வந்தாலும் அதைத்தான் முதல்ல காட்டுவாங்க. நான் எப்படி சார் அந்த பீரோ முன்னாடி நின்னு இதை மாட்டறது?”

ஐயோ என்றிருந்தது. எப்போது எழுதினேன் என்றுகூட ஞாபகமில்லை. தாம்பரத்தில் ஏதோ ஒரு கல்யாண ரிசப்ஷன், ஒரு பையன் சொதப்பினான், எரிச்சலில் வந்து எழுதினேன். அந்த வரியைப் படித்துச் சிரித்ததாக நாலு பேர் போன் செய்தார்கள். எனக்கும் மனசு குளிர்ந்துபோனது. அந்த வரி பொழிச்சலூர் வந்து ஒரு பீரோவில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தர் விரலை ஆறு மாசமாக நசுக்கிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது?

“சார், உள்ள என்ன நடக்குது?” வெளியே சாமுவேல் சார். “இது பிளைண்டு டெஸ்ட்டு. நீங்க பார்க்கக் கூடாது.”

வெளியே வந்தேன். நான்கு ஜோடிக் கண்கள். நாலு பேருமே என் வாசகர்கள். ‘நான் எழுதினது தப்பு’ — மூன்றே வார்த்தை. வாய் வரை வந்தது. வந்து... எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததைத்தான் எழுத வேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறொன்று சொன்னேன்.

“ஒரு டெக்னிக்கல் விஷயம் விட்டுப்போச்சு. கேப்போ பத்தி நான் எழுதினது ஆறு கம்பி கிடாருக்கு. பன்னிரண்டு கம்பிக்கு அது பொருந்தாது. இதுக்கு ஒரு கட்டை இறக்கி, கேப்போ போட்டு வாசிக்கறதுதான் முறை. ப்ரொசீஜர்.”

பாதி உண்மை. பன்னிரண்டு கம்பிக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மீதிப் பாதி, என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட ஒட்டு.

‘ப்ரொசீஜர்’ என்ற வார்த்தை சாமுவேல் சாரிடம் வேலை செய்தது. “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அப்ப மூணாவது ரவுண்டு வச்சுக்கலாம்” என்றார்.

மறுபடி திரைக்குப் பின்னால் போய், பன்னிரண்டு முறுக்காணிகளையும் நானே இறக்கினேன். ஒவ்வொன்றாக, ஜோடி பிசகாமல். இறக்கியும் டீச்சர் விரல் மடங்கிக்கொண்டால்? என் ப்ரொசீஜர் பேச்சால் அத்தனை பேர் முன்னால் அவரை மறுபடி உட்காரவைத்தது நான்தானே? பாக்கெட்டைப் பிரித்து, கேப்போவை எடுத்து, பேசிக்கொண்டே இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டிக் கிடாரை நீட்டினேன். டீச்சர் கிடாரை வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.

‘மூன்று’ தொடங்கியது.

முதல் சரணம் சுத்தம். இரண்டாவது சரணம். நான் சீட்டை விரலில் சுருட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது சரணத்தில் நிஜமாகவே ஒரு விமானம் வந்தது, ஓடெல்லாம் அதிர. சாமுவேல் சார் கையை உயர்த்தினார், நிறுத்தச் சொல்லி. திரைக்குப் பின்னால் அது எப்படித் தெரியும்? விமானம் போனபோது டீச்சர் நாலாவது சரணத்தில் இருந்தார். ஒரு கம்பிகூடக் கரகரக்கவில்லை. கடைசித் தட்டு ஹாலில் நின்று அடங்கியது.

‘மூன்று’க்கு நான்கு ஓட்டு. பக்கத்து அம்மா மட்டும் ‘ஒன்று’. ஏற்கெனவே எழுதி மடித்தாகிவிட்டதாம், இனிமேல் மாற்ற முடியாதாம்.

திரையை விலக்கியபோது டீச்சர் கிடாரோடு நின்றுகொண்டிருந்தார். அவரே சொன்னார். “அண்ணே, முதல் பாட்டு நான் வாசிக்கறேன். மத்த பாட்டெல்லாம் டேவிட் வாசிக்கட்டும். விரல் கொஞ்சம் மக்கர் பண்ணுது, அடுத்த வாரம் ஊசி போடப்போறேன். முதல் பாட்டு மட்டும் நான்தான்.”

கேட்கவில்லை. அறிவித்தார். சாமுவேல் சார் “சரிங்க டீச்சர்” என்றார். ‘பாவம்’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நான் கிளம்பினேன். பெரிய சாதனை செய்த நினைப்பில் ஸ்கூட்டரை எடுத்தேன். டீச்சர் கேட் வரை வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று தயாராக நின்றேன்.

“கேப்போவை நீங்க பார்க்காமலே மாட்டினீங்க சார்.”

“அப்படியா?”

“பேசிக்கிட்டே மாட்டினீங்க. கையே போய் உக்காந்துக்கிச்சு.” அப்புறம் கேட்டார். “ஆறு கம்பி கிடார்ல நீங்க கேப்போ போட்டதே இல்லையா?”

தலைக்கு மேல் விமானம் வந்தது. அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி எனக்கு யாரும் செய்ததில்லை. காதைக் காட்டி, ‘கேக்கல’ என்று சைகை செய்தேன். அது போகும்வரை டீச்சர் காத்திருந்தார். போனதும் நான் “லேட்டாயிடுச்சு டீச்சர், வர்றேன்” என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டேன். பம்மல் சிக்னல் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது வசந்தியிடம் சொன்னேன்.

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்றாள்.

“என் ரீடர்ஸ் என்ன நினைப்பாங்க?”

“அவங்களும் உங்க ரீடர்தானே.”

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான், இந்த வாரம் எழுத வைத்திருந்த வேறு விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ரோஸ்லின் டீச்சர், கேப்போ போட்டிருக்கிறேன். ஆறு கம்பி கிடாரில்தான். எட்டு வருஷம்... ஒரு கச்சேரி விடாமல்.